பிட் கெட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள்

சென்ற இதழில் வந்த கட்டுரை சால்டரிங் அயர்னைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கையைக் குறை சொல்லி முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எலக்ட்ரானிக்ஸ் கற்க வரும் பிள்ளைக்கு நூற்றைம்பது ரூபாய் அயர்ன் போதும் என்கிறார் கட்டுரையாளர். அயர்னின் முனையில் மாட்டும் பிட் கருத்துப்போனால் அது கைப்பழக்கம் இல்லாததன் அடையாளமாம். அரத்தை எடுத்து ராவிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டுமாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் எல்லாம் பட்டணத்துப் பகட்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியையும் துணைக்கு இழுத்துக்கொள்கிறார். பல்லாண்டு அனுபவம் உள்ளவர், பலருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் இதைப் படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூடம் கோணலாகவே இருக்கும்போது ஆடுகிறவளை ஏசுவது அநியாயம்.

அரத்திலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய அறிவுரைகளில் அதிக நாசம் செய்வது அதுதான். அவர் தொழில் கற்ற காலத்தில் பிட் என்றால் முழுச் செம்பு. உருகிய ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்னும். ஒவ்வொரு முறை தொடும்போதும் பிட்டின் செம்பில் ஒரு துளி ஈயத்தோடு போய்விடும், நாளடைவில் முனையில் குழி விழும். குழியை ராவிச் சமன்செய்து, சூடேற்றி, மறுபடி ஈயம் பூசிக்கொண்டால் பிட் புதிதாகிவிடும். எவ்வளவு ராவினாலும் உள்ளே இருப்பது அதே செம்புதான். அந்தப் பிட்டுக்கு அரம் சரியான மருந்து, அதில் எனக்கு மறுப்பில்லை.

இன்றைய பிட் அதுவல்ல. நடுவில் செம்பு, அதன்மேல் இரும்பு முலாம். ஈயம் மேலே ஏறிவிடாமல் இருக்க உடம்பில் நிக்கலும் குரோமியமும். முனையில் மட்டும் மெல்லிய ஈயப் பூச்சு. இரும்பும் வெள்ளீயத்தில் கரையத்தான் செய்யும், ஆனால் செம்பைவிட மிக மிக மெதுவாக. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாத அந்த இரும்புத் தோலில்தான் பிட்டின் ஆயுள் முழுவதும் இருக்கிறது. அதில் அரம் போட்டால் தோல் உரிந்துவிடும். உப்புத்தாளும் அதே கெடுதலைத்தான் செய்யும். இதில் ஏமாற வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ராவிய அன்று பிட் பளபளக்கும், ஈயமும் அழகாகப் பிடிக்கும். பெரியவர் சொன்னது சரிதான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். செம்பு வெளியே வந்துவிட்டதால் வந்த பளபளப்பு அது. சில நாளில் முனையில் ஓட்டை விழுந்து உள்ளே குடைந்துகொண்டு போகும். அப்போதும் திட்டு பிள்ளைக்குத்தான்.

நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் கருப்பு போய்விடும் என்றும் எழுதியிருக்கிறார். தெருவில் ஈயம் பூசலையா என்று கூவி வந்தவர்கள் பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டார்கள், அது அவர்கள் தொழிலின் நுட்பம். பாத்திரத்தைப் பிறகு கழுவித் துடைத்து விடுவார்கள். சர்க்யூட் போர்டை யாரும் அப்படிக் கழுவுவதில்லை. நவச்சாரத்தின் எச்சமும், தகர வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட்டின் எச்சமும் போர்டின் செம்பு டிராக்கின் மேல் தங்கிவிட்டால் பச்சைக் களிம்பு ஏறும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் படகுகளிலிருந்து வரும் ஜி.பி.எஸ். கருவிகளும் வயர்லெஸ் பெட்டிகளும் உப்புக்காற்றால் ஏற்கெனவே பாதி அரித்துப்போய்த்தான் மேசைக்கு வருகின்றன. அவற்றில் இந்தப் பேஸ்ட்டையும் தடவி அனுப்பினால், நடுக்கடலில் கருவி நிற்கும்போது பதில் சொல்லப்போவது யார்?

அடுத்து, பிட் ஏன் கருக்கிறது என்பது. கற்றுக்கொள்கிறவரின் பழக்கமும் ஒரு காரணம்தான். ஈயம் பூசாமல் சூட்டோடு ஸ்டாண்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் எந்தப் பிட்டும் கருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். ஆனால் கட்டுரையாளர் பரிந்துரைக்கும் அயர்ன் தானாகவே பிட்டைக் கருக்கும் அயர்ன். அதில் கட்டுப்பாடே கிடையாது. பிளக்கைச் செருகினால் முடிந்த மட்டும் சூடாகிக்கொண்டே போகும், சும்மா ஸ்டாண்டில் இருக்கும்போது 400 டிகிரியைக்கூடத் தாண்டலாம். சூடு ஏற ஏற முனை வேகமாகத் துருவேறும், பேஸ்ட் கரியாகும். துரு மூடிய முனையில் ஈயம் உருண்டு விழுமே தவிர ஒட்டாது. சூடு போர்டுக்கு இறங்காது. பிள்ளை இன்னும் அழுத்திப் பிடிக்கும். போர்டில் ஒட்டியிருக்கும் செம்புப் பேட் தூக்கிக்கொள்ளும்.

இதில் நம் மாவட்டத்து மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அயர்னைச் சூடாக்கும் எலிமெண்ட்டின் வாட் கணக்கு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த 25 வாட் அயர்ன், வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சுமார் 15 வாட்தான் தரும். 250க்கு ஏறினால் ஏறத்தாழ 30 வாட். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் விளக்கு மங்குவதைப் பார்க்காதவர் யார்? காலையில் பிட்டைப் பொசுக்கிய அதே அயர்ன் மாலையில் ஈயத்தை உருக்கத் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை தன் கைப்பழக்கத்தை எதை வைத்துச் சரிபார்க்கும்? இன்று மூன்று விநாடி தொட்டால் போதும் என்று கற்றது நாளைக்குப் பொய்யாகிவிடுகிறது. பழகு பழகு என்று கட்டுரை முழுக்கச் சொல்கிறவர், பழகுவதற்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் கருவி வேண்டும் என்பதை ஒரு வரியிலும் சொல்லவில்லை.

இப்போது போலிப் பிட்டுக்கு வருகிறேன். எல்லாம் ஒரே செம்புதானே, முப்பது ரூபாய் பிட்டுக்கும் முந்நூறு ரூபாய் பிட்டுக்கும் பேர்தான் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒசாகாவில் 1952இல் தொடங்கிய ஹாக்கோ நிறுவனத்தின் 936 என்ற ஸ்டேஷன் உலகம் முழுவதும் நகலெடுக்கப்பட்டது. அதற்கான 900எம் வகைப் பிட்டும் அப்படியே. நம் ஊருக்கு வரும் மலிவான ஸ்டேஷன்களில் பல இந்த அமைப்பைப் பின்பற்றியவைதான். நகல் என்பதாலேயே ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. நல்ல நகல் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. ஏமாற்று நடப்பது பிட்டில்தான், ஹாக்கோ நிறுவனமே போலிகளைப் பற்றி எச்சரித்து வருகிறது. 900எம் என்று அச்சடித்த உறையில் பத்துப் பிட் போட்டு விற்கிறார்கள். உறையில் இருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று விற்பவர் பார்ப்பதில்லை.

அப்படி ஒரு உறையில் வந்த பிட்டை நான் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெட்டிய முகத்தில் செம்பின் சிவப்பு இல்லை, பித்தளையின் மஞ்சள் இருந்தது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் பித்தளைக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வெளியே இரும்புத் தோலை லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. முனைக்கு அருகில் ஒரு பக்கம் தோல் இருந்தது, மறுபக்கம் இல்லை. இன்னொரு பிட் சூடான எலிமெண்ட்டின் மேல் கடகடவென்று ஆடியது. துளை பெரிது. எலிமெண்ட்டுக்கும் பிட்டுக்கும் நடுவில் காற்று நிற்கிறது, காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

இந்தப் போலிப் பிட்டின் விளைவு வேறு எதையும்விட மோசமானது. இந்த ஸ்டேஷன்களில் வெப்பத்தை அளக்கும் சென்சார் எலிமெண்ட்டுக்குள் இருக்கிறது, பிட்டின் முனையில் இல்லை. எலிமெண்ட் 350 ஆனதும் திரையில் 350 என்று வரும். முனையில் அந்தச் சூடு இருக்காது. "அண்ணே, முந்நூத்தம்பது வச்சிருக்கேன், ஈயம் பிடிக்கவே மாட்டேங்குது" என்று என்னிடம் வரும் பிள்ளை பொய் சொல்லவில்லை, திரைதான் பொய் சொல்கிறது. சூட்டை 400க்கு ஏற்றுவான், பிறகு 450. இப்போது எலிமெண்ட் வேகும், மெல்லிய தோல் துருவேறும், முனை கருத்துவிடும். அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் கைப்பழக்கம் இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார். உறைக்குள்ளேயே இருந்த குற்றத்தை உறையைப் பிரித்த பிள்ளையின் தலையில் கட்டுகிறார்.

பிட் சரியா, கை சரியா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமான காரியமும் இல்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த 63/37 ஈயக்கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும், கெட்டிக்கும் திரவத்துக்கும் நடுவில் அதற்குக் குழைவு நிலை கிடையாது. ஸ்டேஷனை அதன் மிகக் குறைந்த சூட்டில் வைத்து மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு, கம்பியை முனையில் தொட்டுப் பார்க்க வேண்டும். 200ஐ ஒட்டியே உருகினால் பிட் ஏறக்குறைய நேர்மையானது. 250 காட்டியும் உருகவில்லை என்றால் கோளாறு பிட்டில்தான் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே எலிமெண்ட்டில் நம்பகமான வேறு பிட்டைப் போட்டு மறுபடி பார்த்தால் சந்தேகமும் தீர்ந்துவிடும். முனையின் சூட்டை அளக்கக் கே-டைப் கம்பி உள்ள மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பயிற்றுநர் தன் வகுப்பில் இதைச் செய்து காட்டக் கால்மணி நேரம் ஆகாது. திட்டுவதற்கு முன் இதையாவது செய்யலாம்.

ஈயக்கம்பியிலும் இதே கதைதான். 60/40 என்று ஒட்டி, வெள்ளீயத்தைக் குறைத்துக் காரீயத்தைக் கூட்டி விற்கிறார்கள். வெள்ளீயம் 40 சதவீதமாக இறங்கினால் முழுதும் உருகக் கிட்டத்தட்ட 238 டிகிரி வேண்டும், 60/40க்கு 190 போதும். இணைப்பு மங்கலாக, சொரசொரப்பாக ஆறும். அதையும் டிரை சால்டர், கை நடுங்கிவிட்டது என்பார்கள்.

எர்த் விஷயத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அவர் பரிந்துரைக்கும் விலையில் கிடைப்பது இரண்டு முள் பிளக் வைத்த அயர்ன். அதைச் செருகி, சூடானதும் முனையில் டெஸ்டரை வைத்துப் பார்க்கட்டும். பல அயர்ன்களில் டெஸ்டர் விளக்கு எரியும். எலிமெண்ட்டைச் சுற்றிய மைக்கா வழியாகக் கசியும் மின்சாரம் அது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைக்குச் சுருக்கென்று அடிக்கும். மாஸ்ஃபெட் போன்ற நுணுக்கமான பாகங்களுக்குச் சத்தமில்லாமல் உயிர் போகும். போர்டை மாட்டினால் வேலை செய்யாது, காரணம் யாருக்கும் விளங்காது. மறுபடி பிள்ளைதான் குற்றவாளி.

எங்கள் காலத்தில் இதை வைத்துக்கொண்டுதானே ரேடியோ பார்த்தோம் என்பது அவருடைய பெரிய வாதம். பார்த்தார்கள், உண்மைதான். வால்வு ரேடியோவில் தடித்த கம்பியை டேகில் சுற்றி ஈயம் வைப்பார்கள். நூறு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அது தாங்கும். இன்று மேசைக்கு வருவது என்ன? மோட்டாரை செல்போனில் ஓடவிடும் மொபைல் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் போர்டு, எல்.இ.டி. பல்பு. 0603 என்று சொல்லப்படும் ரெசிஸ்டரின் நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. எல்.இ.டி. பல்பின் விளக்குகள் அலுமினியத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வைத்த சூட்டையெல்லாம் அந்தத் தகடு உறிஞ்சிவிடும். கருத்த பிட்டோடு 15 வாட் அயர்னை அதில் வைத்து எந்தக் கைப்பழக்கமும் வெல்லாது. தன் இளமைக் காலத்துப் போர்டை வைத்து இன்றைய பிள்ளையை அளப்பதை அனுபவம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கட்டுரையில் என்னை மிகவும் வருத்தியது அறிவொளி இயக்கத்தை அவர் இழுத்த இடம். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அந்த எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகப் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் கற்றார்களே, கிடைத்ததை வைத்துக் கற்பதுதான் இந்த மண்ணின் குணம் என்கிறார். எவ்வளவு தவறான பாடம்! ஆண்கள் சைக்கிள் ஓட்டை சைக்கிள் அல்ல. அதில் சக்கரம் சுற்றியது, பிரேக் பிடித்தது, மிதித்த மிதிக்கு வண்டி நகர்ந்தது. முன்னால் பார் இருந்ததால் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பி வாங்கிய பெண்களும் உண்டு. சைக்கிள் வாங்க அந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க நிர்வாகமே முன்நின்றது. ஓடும் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டு என்றார்கள். செயின் இல்லாத வண்டியைக் கொடுத்து, நகரவில்லையா, உனக்குக் காலில் வலுவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லி அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் போலிப் பிட்டை நியாயப்படுத்துவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காசு இல்லாதவர்களுக்கு வேறு என்ன வழி என்று கேட்பார். வழி இருக்கிறது. மலிவாக வாங்குவதை நான் எதிர்க்கவில்லை, நானும் அப்படித்தான் வாங்குகிறேன். சிக்கனம் எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. பத்துப் பிட் உள்ள உறையை விட்டுவிட்டு நல்ல பிட் ஒன்றே ஒன்று வாங்கலாம். ஊசி முனை வேண்டாம், சிறிய உளி முனை போதும், முக்கால்வாசி வேலை அதில் முடியும். விலை உயர்ந்த ஸ்டேஷனில் போலிப் பிட் போட்டவரைவிட, சாதாரண ஸ்டேஷனில் நல்ல பிட் போட்டவர் நன்றாக வேலை செய்வார். சூட்டை 320 முதல் 350க்குள் வைத்து, ஈயம் பூசியே ஸ்டாண்டில் வைத்து, அரத்துக்குப் பதில் பித்தளைச் சுருளில் துடைத்தால் அந்தப் பிட் நீண்ட காலம் உழைக்கும். ஸ்டேஷனின் விலை ஒரு வீட்டுக்குப் பெரிய தொகை என்றால், நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஸ்டேஷன் வாங்கட்டும். மூன்று முள் பிளக், தனியாகக் கழற்றி மாற்றும் பிட், மாற்று எலிமெண்ட் கிடைக்கும் மாடல், இவை மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். மின்சாரம் நம்பமுடியாத ஊர்களுக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் அயர்ன்கள் வந்துவிட்டன. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை மறக்காதவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அவர் சொல்லும் நூற்றைம்பது ரூபாய்க் கணக்கும் தப்பு. அந்த அயர்னில் மாதம் ஒரு பிட், பேட் பெயர்ந்த போர்டுக்கு வாடிக்கையாளரிடம் கட்டிய தண்டம், வீணான ஈயக்கம்பி என்று கூட்டிப் பார்த்தால் ஸ்டேஷன் விலையை எப்போதோ தாண்டியிருக்கும். அந்தத் தண்டத்தைக் கட்டுகிறவர் கட்டுரையாளர் அல்ல. கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து அது போகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், எனக்கு இது வராது என்று தொழிலையே விட்டுப்போன பிள்ளைகள். அவர்களில் சிலரை எனக்குத் தெரியும். நல்ல பிட்டைக் கையில் கொடுத்ததும் அரைமணி நேரத்தில் சுத்தமான இணைப்பு வைத்தவர்களையும் தெரியும்.

கடைசியாக, முப்பது ரூபாய் பிட்டுக்கு யார் போய்க் கேட்பது என்ற அவருடைய வரி. கேட்க வேண்டும், பில்லோடு கேட்க வேண்டும். எனக்குப் பித்தளைப் பிட் விற்ற கடைக்காரர் மாற்றித் தர மறுத்தார், பில் வாங்காததால் என்னால் மேலே போக முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புதுக்கோட்டையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. ஒரு பிள்ளை தனியாகப் போனால் கடைக்காரர் விரட்டலாம். ஒரு பயிற்சி நிலையம் முழுவதும் பில்லையும் அறுத்த பிட்டையும் மேசையில் வைத்தால் விரட்ட முடியாது. கட்டுரையாளருக்குக் கடைத்தெருவில் மரியாதை உண்டு. தம் மாணவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பிட்டுகளில் ஒன்றை அவரே அறுத்துப் பார்க்கட்டும். உள்ளே மஞ்சளாக இருந்தால், அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடை வாசலில் போய் நிற்கட்டும். நானும் வருகிறேன்.